அழாத பிள்ளை

எங்கள் மகள் வீட்டுக்கு வந்த புதிதில் ஈரோட்டில் எங்கள் தெருவே அவளை மெச்சியது. நான்கரை வயது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். யார் கை நீட்டினாலும் போய் மடியில் உட்கார்ந்துகொண்டாள். பால் ஊற்ற வருகிறவர் ஒருநாள் விளையாட்டாக "எங்கூட வர்றியா பாப்பா" என்று கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுத்து வெச்சவ கண்ணு நீ. பெத்த புள்ளகூட இப்படி ஒட்டாது" என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் மாமியார் மட்டும் அந்தப் பாராட்டில் சேரவில்லை. ஒரு சாயங்காலம் குழந்தை சிமெண்டு வாசலில் விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. நல்ல ரத்தம். எழுந்தாள், பாவாடை நுனியால் துடைத்தாள், மறுபடி விளையாடப் போய்விட்டாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என் பக்கம் கண்கூடத் திரும்பவில்லை. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்: "ஏங்கண்ணு, உழுந்த புள்ள ஆத்தாளத் தேடோணுமல்லோ? இது ஏன் யாரையுந் தேட மாட்டேங்குது?"

பிற்பாடு மருத்துவர் மாதக்கணக்கில் எங்களுக்கு விளக்கியதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

தத்தெடுக்க நினைத்தபோது கைக்குழந்தை கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. என் வயதையும் கணவர் வயதையும் கூட்டினால் 90ஐத் தாண்டியது. அப்படித் தாண்டினால் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை கிடையாது, 100 வரை நான்கு முதல் எட்டு வயதுவரையிலான குழந்தை என்பது 2017ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதி. (2022இல் வந்த விதிகள் இதை இன்னும் இறுக்கிவிட்டன.) டெல்லியிலுள்ள 'காரா' தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்தோம். சமூகப் பணியாளர் ஒருவர் வந்து வீட்டையும் எங்களையும் சம்பளச் சீட்டையும் அலசி அறிக்கை எழுதினார். கைக்குழந்தைக்குப் பதிந்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். வளர்ந்த குழந்தையை ஏற்கத் தயார் என்பவர்களுக்கு அழைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. 2019 ஜூனில் ஒரு புகைப்படமும், குழந்தை ஆய்வு அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் கணினித் திரையில் வந்து நின்றன. சம்மதம் சொல்ல 48 மணி நேரம். உயரம், எடை, தடுப்பூசி விவரங்களுக்குக் கீழே இரண்டே வரிகள்: அமைதியான குழந்தை, எல்லோரிடமும் நன்கு பழகுவாள்.

சேலம் பக்கத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "தொட்டில் குழந்தையா?" வளர்க்க விரும்பாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்று 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் பக்கத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அவள் தொட்டிலில் விடப்பட்டவள் அல்ல. அதற்குமேல் அந்தக் கதையை எழுதப்போவதில்லை, அது அவளுக்குச் சொந்தமானது. இதை அவளிடம் படித்துக் காட்டியபோது சில இடங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இதைச் சொல்லலாம் என்றாள்: இரண்டு வயதுவரை ஒருவர் அவளோடு இருந்தார், பிறகு இல்லை, அதன்பின் இல்லம்.

இல்லத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுத்தமாக இருந்தது, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் காலையில் குளிப்பாட்டுகிற ஆயாம்மா வேறு, மதியம் ஊட்டுகிறவர் வேறு, இரவுக்கு இன்னொருவர். வேலையை விட்டுப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் கழிப்பறை. பசிக்கிறது என்று சொல்லவேண்டிய அவசியமே ஒரு பிள்ளைக்கு வருவதில்லை. புடவை கட்டிய யாரையும் அம்மா என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். பார்வையிட வந்த அதிகாரியும் அம்மா, பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுவந்தவரும் அம்மா. என்னை முதல் நாளே அம்மா என்று கூப்பிட்டாள். மறுநாள் கீரைக்காரம்மாவையும் அதே குரலில் கூப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் வீட்டில் எறும்பு வரிசை தெரிந்தது. அதன் பின்னாலேயே போனால் அவளுடைய தலையணை உறையில் முடிந்தது. உள்ளே காய்ந்துபோன இட்லி, பாதி பிஸ்கட், கறுத்த வாழைப்பழம். என் கணவர் அதிர்ந்துபோய் நின்றார். மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிற வீட்டில் இதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். மாமியார் பரணிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்குப்போசியை இறக்கினார். பொரி, கடலை, முறுக்கு போட்டு, அவள் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தார். "இது உன்ற போசி. எப்பத் தொறந்தாலும் இருக்கும். ரொப்பி வெக்கறது இந்த ஆத்தா பொறுப்பு."

அன்றிலிருந்து போசியோடுதான் தூங்கப் போனாள். கட்டிலில் படுக்கமாட்டாள். பவானி ஜமக்காளத்தைக் கதவோரமாக விரித்து அதில் படுப்பாள். நடுராத்திரியில் போசி மூடி திறக்கிற சத்தம் கேட்கும். எடுத்துத் தின்னமாட்டாள். இருக்கிறதா என்று பார்ப்பாள், அவ்வளவுதான்.

கோவையில் ஒரு குழந்தை மனநல மருத்துவரைப் பார்த்தோம். உணவை ஒளித்துவைத்ததைச் சொன்னதும் "நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றார். தூக்குப்போசியைச் சொன்னோம். "அடுத்த தடவை அந்தப் பாட்டியையும் கூட்டிட்டு வாங்க, நான் அவங்களைப் பார்க்கணும்" என்று சிரித்தார். அவர் கவலைப்பட்டது ஒளித்துவைத்த இட்லிக்காக அல்ல. பால்காரரோடு படியிறங்கியதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு குழந்தை அழுவது, யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையில். வந்தவர்கள் போய்க்கொண்டே இருந்தால் அந்தச் செலவை அது நிறுத்திவிடும் என்றார். எந்த முகமும் நிலையாக நிற்காத இடத்தில், எல்லா முகத்துக்கும் ஒரே மாதிரி சிரிப்பதுதான் பிழைக்கும் வழி. எங்கள் தெரு மெச்சியதெல்லாம் அந்தப் பிழைப்புதான்.

அந்த இரவுகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என்னை உலுக்கியது ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1952இல் எடுத்த ஓர் ஆவணப்படம் பற்றிய குறிப்பு. அந்தக் காலத்தில் அங்கே மருத்துவமனையில் சேர்த்த குழந்தையைப் பெற்றோர் தினமும் பார்க்க முடியாது. பார்த்தால் குழந்தை அழுகிறது, பார்க்காவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது டாக்டர்கள், நர்ஸுகளின் எண்ணம். ராபர்ட்சன் ஒரு சாதாரணக் கேமராவைக் கையில் பிடித்து, இரண்டரை வயதுகூட நிறையாத ஒரு சிறுமியை அவள் ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் படமெடுத்தார். அவள் அதிகம் அழவில்லை. வீட்டு ஞாபகத்தை முகத்தில் அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு, அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். முதலில் எதிர்ப்பு, அப்புறம் துவளல், கடைசியில் ஒட்டாமை என்று மூன்று கட்டங்களை அவர் சொன்னார். கடைசிக் கட்டத்தைத்தான் வார்டில் எல்லோரும் 'பழகிவிட்டாள்' என்று எழுதினார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்த மருத்துவர்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது. 1959இல்தான் அங்கே பிளாட் குழுவின் அறிக்கை, ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கச் சொன்னது.

ருமேனியாவைப் பற்றியும் படித்தேன், படித்திருக்க வேண்டாம் என்றும் தோன்றியது. அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார். அவர் 1989இல் வீழ்ந்தபோது அனாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. உள்ளே போனவர்கள் பலரும் சொன்ன ஒரு விஷயம், கைக்குழந்தைகள் நிறைந்த அறையில் அழுகைச் சத்தமே இல்லை என்பது. 2000ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வு 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தது. இரண்டு வயதுக்கு முன்னால் குடும்பத்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் கேட்டேன். "அது சராசரிக் கணக்கு. உங்க பொண்ணுக்கு ரெண்டு வயசு வரைக்கும் யாரோ ஒருத்தர் இருந்திருக்காங்க. அதுவே பெரிய சொத்து" என்றார்.

வைத்தியம் என்று அவர் சொன்னது மாத்திரை இல்லை. கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது, காயத்துக்கு மருந்து போடுவது எல்லாம் நாங்கள் மூன்று பேர் மட்டும். வேறு யார் கொடுத்தாலும் எங்கள் கை வழியாகத்தான் அவளுக்குப் போகவேண்டும். தப்பு செய்தால் தனி அறைக்கு அனுப்பக்கூடாது, நாம்தான் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். அடி கூடவே கூடாது. வெளியே கிளம்பினால் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்ன நேரத்தில் வரவேண்டும்.

படிக்க எளிது. நாத்தனார் மகனின் காதுகுத்தில் குழந்தையை யார் மடியிலிருந்தும் எடுத்து எடுத்து என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். "ஏன் அண்ணி, எம்மடில உக்காந்தா உங்க புள்ள தேஞ்சா போயிருவா?" என்றாள் நாத்தனார். பந்தியில் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. வேலை செய்த இடத்தில் விடுப்புக் கேட்டேன். 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் தந்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டியிருந்தது. அனாதையாகக் கிடைக்கும் குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு விடுவதற்குள்ளேயே பெரும்பாலும் அந்த மூன்று மாதம் கடந்துவிடும். யாருக்காக எழுதிய சட்டமோ. நான் சம்பளமில்லாத விடுப்பில் இருந்தேன், பிறகு வேலையை விட்டேன்.

அவள் விழுந்தால் நான் ஓடுவேன். அவளுக்கு வலித்ததாகவே தெரியாது. ஆனாலும் தூக்கி, "வலிக்குமே கண்ணு" என்று ஊதி, மருந்து போட்டு, வேண்டிய மட்டும் நாடகமாடுவேன். அவள் என்னை வேடிக்கை பார்ப்பாள். மாதங்கள் இப்படியே போயின. ஒருநாள் அடுப்படிக்கு வந்து சுண்டுவிரலை நீட்டி, "இங்க வலிக்குது" என்றாள். அங்கே ஒன்றுமே இல்லை. பிளாஸ்திரி ஒட்டினேன். மறுநாள் இரண்டு கையிலும் வலி. பிளாஸ்திரி வாங்கியே மருந்துக்கடைக்காரர் எங்களை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் பேத்தி பிறந்து சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து தனக்கும் வேண்டும் என்றாள். அவள் வாய்விட்டு இதுதான் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. விட்டத்தில் மாமியாரின் பழைய சின்னாளப்பட்டிச் சேலையைக் கட்டினோம். ஐந்து வயதுப் பெண் முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே சுருண்டாள். தெருவில் சிரித்தார்கள். "எத்தனை வயசு வரைக்கும் ஆட்டோணும்?" என்று மருத்துவரிடம் மாமியார் கேட்டார். "அவளுக்குப் போதும்னு படற வரைக்கும்ங்க பாட்டி." ஆட்டினார், தாலாட்டும் பாடினார். விட்டத்து ஆணி கழன்றுவிடுமோ என்ற பயம் எனக்கு.

2020 மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவித்தார்கள். ஊர் உலகமெல்லாம் அல்லல்பட்ட காலம், எங்கள் தெருவிலேயே தறி ஓடாமல் அரிசிக்கு அலைந்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தைப் பற்றி இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: காலையில் யாரும் செருப்பு மாட்டவில்லை. யாரும் புதிதாக வரவில்லை, யாரும் போகவில்லை. அதே மூன்று முகங்கள், விடிந்தால் பொழுதானால். மருத்துவர் கேட்ட கட்டுப்பாட்டை அரசாங்கமே போட்டுவிட்டது.

ஏப்ரலில் ஒருநாள் தோசை பிய்ந்துவிட்டது. வட்டமாக வேண்டும் என்றாள். மாவு தீர்ந்துவிட்டது என்றேன். தட்டைச் சுவரில் எறிந்தாள். "நீ எங்கம்மா இல்ல, போ" என்று கத்தினாள், தரையில் புரண்டாள், கிள்ளினாள், தொண்டை கட்டும்வரை அலறினாள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப்பார்த்து, "நல்ல புள்ளையா இருந்துச்சே, என்ன பண்ணுனீங்க?" என்றார். "ரெண்டு போடு போட்டாச் செரியாப் போயிரும்" என்றார் மாமியாரும். என் கணவர் தரையில் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். ஓய்ந்த பிறகு தவழ்ந்து வந்து என் மடியில் விழுந்து, வியர்வையில் நனைந்து தூங்கிப்போனாள். மருத்துவருக்குப் போன் செய்து அழுதேன். "வாழ்த்துக்கள்" என்றார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். "எறிஞ்சாலும் நீங்க இருப்பீங்களான்னு பார்க்கறா. இல்லத்துல அவ எறிஞ்சிருக்க மாட்டா."

அப்படிப் பார்ப்பது ஒரு வருடம் நீடித்தது. அதை விவரித்துப் பயனில்லை, எங்களுக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

2021 மே மாதம், இரண்டாவது அலை. கணவருக்குக் காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல். ஆக்சிமீட்டர் 88 காட்டியது. 108 வண்டி வந்தது. உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடையில் முகம் தெரியாத இரண்டு பேர் அவரை ஏற்றினார்கள். பெருந்துறை ஆஸ்பத்திரிக்கு. ஒரு வண்டி வந்து ஒருவரைக் கொண்டுபோவது என்றால் என்ன என்று எங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். வெறுங்காலோடு வண்டியின் பின்னால் தெருமுனைவரை ஓடினாள். பிடித்து இழுத்த என் மணிக்கட்டைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

படுக்கையில் சிறுநீர் கழிப்பது திரும்ப வந்தது. பரணுக்குப் போயிருந்த தூக்குப்போசியைத் தானே நாற்காலி போட்டு இறக்கிக்கொண்டாள். வீடியோ காலில் ஆக்சிஜன் முகமூடியோடு அவர் கூப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தினமும் தாளில் ஒரு கட்டம் வரைந்து, அப்பா இன்றைக்கு என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்துவிடுவார் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மே மாதத்தில் யாரும் யாருக்கும் அப்படி உறுதி சொல்லும் நிலையில் இல்லை.

அவர் திரும்பி வந்தார், பாதி உடம்பாக. நிலைப்படியில் நின்றவரை அவள் பார்த்தாள். "வாங்க" என்றாள், விருந்தாளியிடம் சொல்வது போல. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். ராபர்ட்சன் எழுதியது என் கண்முன்னால் நடந்தது. என் கணவர் உடைந்துபோனார். நான் படித்ததை அவரிடம் சொன்னேன்: காத்திருங்கள். சில நாள் கழித்து, அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபோது திடீரென்று ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தத் தொடங்கினாள். "ஏன் போன, ஏன் போன, ஏன் போன." இன்னும் சரியாகாத நுரையீரல். நான் தடுக்கப் போனேன். "உடு, அடிக்கட்டும்" என்றார் மாமியார்.

இதற்கிடையே சட்டம் தன் வேலையைச் செய்தது. அப்போது நீதிமன்றம்தான் தத்து ஆணை கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து அது கலெக்டரிடம் போயிருக்கிறது. இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்கண்காணிப்பு. வந்த பெண் நல்லவர். எடை, பள்ளி, படம், கையெழுத்து. குழந்தை உங்களைத் தேடுகிறதா என்ற கேள்வி அவருடைய படிவத்தில் இல்லை. தத்தெடுத்த குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கவும் விதிகளில் நடைமுறை இருக்கிறது. தோசை பிய்ந்த நாளில் எங்களுக்கு அந்த மருத்துவர் இல்லாதிருந்தால், அதை அவளுடைய கெட்ட குணம் என்று யாராவது எங்களை நம்பவைத்திருப்பார்கள். வீட்டையும் சம்பளத்தையும் அளக்கிற அரசாங்கம், வளர்ந்த குழந்தையை அனுப்புமுன் பெற்றோரை நாலு நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

போன வருடம் தலைவாரிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அங்க ஒரு ஆயாம்மா எனக்கு மட்டும் ரெண்டு தடவை எண்ணெய் வெப்பாங்க. அவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" அறிக்கையில் அப்படி ஒருவர் இல்லை. எனக்குள் சின்னதாக ஒரு பொறாமை எட்டிப்பார்த்தது. பிறகு யோசித்தேன். எங்களிடம் ஒட்டுவதற்கு அவளிடம் மீதியிருந்த பசை, அந்த இரண்டாவது கை எண்ணெயாகவும் இருக்கலாம். இல்லத்தில் விசாரித்தோம். வேலையை விட்டுப் போய்விட்டார், ஓமலூர்ப் பக்கம் என்றார்கள். அவர்களே அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, நம்பர் கொடுத்தார்கள்.

போனில் முதலில் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. "சாப்புட்டியா கண்ணு" என்றார் அவர். சாப்பிட்டேன் என்றாள். எந்த வகுப்பு என்றார். சொன்னாள். பிறகு திடீரென்று கேட்டாள்: "எம்பக்கத்துல படுப்பானே ஒரு பையன், காதுல மச்சம் இருக்கும், அவன் எங்க?"

"அவனையும் ஒரு வூட்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க சாமி. நீ போன மறு வருசம்."

"போறப்ப அழுதானா?"

"அழுதானாவா? எஞ்சீலையப் புடிச்சுட்டு உடவே மாட்டேன்னுட்டான்."

"அப்பச் செரி" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். ஆயாம்மா தன் மகளுக்குத் திருப்பூரில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.